பேஸ் கிட்டாரும் திருப்புளியும்

மின்சார பேஸ் கிட்டாருக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்த லியோ ஃபெண்டர் தச்சரும் அல்ல, வாத்தியக்காரரும் அல்ல. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் 1938இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர். கிட்டார் வாசிக்கவே அவருக்குத் தெரியாது. எந்தப் பாகம் முதலில் கெடும், கெட்டதைக் கழற்றி மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்துப் பழகிய கண் அவருடையது. 1951இல் அவருடைய நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் அந்தக் கண் வடிவமைத்த வாத்தியம். பேஸ் கிட்டாரைப் பழுதுபார்ப்பதும், மாற்றி அமைப்பதும், வாசிப்பவரின் கைக்கு ஏற்பச் சரிசெய்வதும் பின்னாளில் தனித் தொழிலாக வளர்ந்ததற்கான காரணங்களில் பாதி அந்த முதல் வடிவமைப்பிலேயே இருக்கின்றன.

அதற்கு முன் நடனக் குழுக்களில் தாழ்ந்த சுரங்களை வாசித்தது டபுள் பேஸ். ஆள் உயரம், மெல்லிய பலகைகள், எல்லாமே பசையால் ஒட்டிய இணைப்புகள். விரிசல் விட்டால் வயலின் செய்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். அவர் பசையை இளக்கி, பலகையைப் பிரித்து, உள்ளே கட்டை ஒட்டி, மறுபடி மூடித் தருவார். சியாட்டில் நகரத்து பால் டட்மார்க் 1930களின் நடுவில் ஆடியோவாக்ஸ் 736 என்ற பெயரில், கழுத்தில் மெட்டுகள், அதாவது ஃபிரெட்டுகள், வைத்த, தோளில் மாட்டிக் கிடையாகப் பிடித்து வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். காலத்தால் முந்தியது அதுதான். ஆனால் அது சிறு எண்ணிக்கையோடு நின்றுவிட்டது.

பிரிசிஷன் பேஸின் உடல் கனத்த ஆஷ் மரம். கழுத்து மேப்பிள். இரண்டையும் சேர்ப்பது நான்கு திருகுகள். அவற்றைக் கழற்றினால் கழுத்து கையோடு வந்துவிடும். தேய்ந்துபோனால் வேறு கழுத்தை மாட்டிவிடலாம். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், கம்பிகள், வால்யூம் திருகி எல்லாம் மேலே மூடியிருக்கும் தகட்டைத் திறந்தால் கிடைக்கும். கிப்சன் நிறுவனம் 1953இல் வெளியிட்ட வயலின் வடிவ பேஸில் கழுத்தை மரபுப்படி பசையால் ஒட்டியிருந்தார்கள். அழகில் அது மேலானது என்று வாதிடலாம். ஆனால் பழுதுபார்ப்பவரின் மேசையில் ஃபெண்டருடையதே வென்றது. தந்தியின் நீளமாக ஃபெண்டர் எடுத்துக்கொண்ட 34 அங்குலமும், அதாவது சுமார் 86 சென்டிமீட்டரும், பிற்பாடு மற்ற உற்பத்தியாளர்கள் பின்பற்றும் அளவாகிவிட்டது. அளவு நிலைத்ததால்தான் ஒருவர் செய்த கழுத்து இன்னொருவர் செய்த உடலில் பொருந்தும் காலம் வந்தது.

இவ்வளவு யோசித்தவர் ஓரிடத்தில் கோட்டை விட்டார். பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை எழுபது கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கின்றன. கழுத்து முன்பக்கம் வளைந்துவிடாமல் தாங்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. டிரஸ் ராட் எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கு, கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தேடியஸ் மெக்ஹியூ 1920களிலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஃபெண்டர் தன் பேஸில் அந்தக் கம்பியைத் திருகும் முனையைக் கழுத்தின் அடிப்பக்கத்தில், உடலோடு சேரும் இடத்தில் புதைத்து வைத்தார். கால் சுற்றுத் திருகத் தந்திகளைத் தளர்த்தி, கழுத்தைக் கழற்றி, திருகி, மறுபடி பூட்டி, சுருதி சேர்த்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; வராவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய ஃபெண்டர்களில் வேலை செய்யும் எவரும் இன்றும் இதைத் திட்டிக்கொண்டேதான் செய்கிறார்கள்.

செட்அப் என்று கிட்டார் உலகம் சொல்லும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. அதை மாற்றினால் முதலில் செய்தது கெடும். தொடக்கம் கழுத்து. முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலைச் சந்திக்கும் இடத்திலும் தந்தியை அழுத்திப் பிடித்தால், இடையில் ஏழாவது, எட்டாவது ஃபிரெட் அருகே தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். சுமார் 0.3 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. கழுத்து முழுக்க நேராக இருந்தால் என்ன என்று தோன்றும். பேஸின் மிகத் தடித்த இ தந்தி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. அவ்வளவு மெதுவாக அதிரும் தந்தி அகலமாக ஆடும், அதுவும் நடுப்பகுதியில்தான் மிக அகலமாக. அந்த ஆட்டத்துக்கு இடம் கொடுக்கவே இந்த மிகச் சிறு குழிவு. மரம் ஈரத்தை உறிஞ்சியும் விட்டும் அசைவதால் மழைக்காலத்திலும் கோடையிலும் இந்த அளவு மாறிவிடும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் குளிர்சாதன அறையிலிருந்து வெளிமேடைக்குக் கொண்டுபோகும் கிட்டாருக்கும் இதே கதிதான்.

அடுத்தது தந்தியின் உயரம். பதினேழாவது ஃபிரெட்டின் மேல் 2 முதல் 2.8 மில்லிமீட்டர் வரை வைப்பது வழக்கம். மென்மையாக மீட்டுபவர் இன்னும் தாழ்த்துவார். ஓங்கி அடிப்பவருக்கு உயர்த்தாவிட்டால் தந்தி ஃபிரெட்டில் மோதி இரைச்சலிடும். மூன்றாவதுதான் நுட்பமானது. பன்னிரண்டாவது ஃபிரெட் தந்தியின் சரிபாதியில் இருப்பதால் அங்கே அழுத்தினால் மேல் ஸ்தாயி சரியாகப் பிறக்க வேண்டும். ஆனால் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இழுபடுகிறது; தடித்த தந்திக்கு விறைப்பும் அதிகம்; சுருதி ஏறிவிடுகிறது. வீணையில் மெழுகை இளக்கி மேளம் கட்டும்போது மெட்டையே நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் ஃபிரெட்டை மரத்தில் அறுத்த கீற்றில் அடித்து இறக்கியிருப்பதால் நகராது. ஆகவே மறுமுனையில், பிரிட்ஜின் மேல் தந்தி உட்காரும் சேடிலைப் பின்னே தள்ளித் தந்தியின் நீளத்தைக் கூட்டி ஈடுசெய்கிறார்கள். முதல் பிரிசிஷனில் இரண்டு தந்திகளுக்கு ஒரு சேடில் என்று மொத்தம் இரண்டே இருந்தன. ஒரு தந்தியைச் சரிசெய்தால் பக்கத்துத் தந்தி விலகும். துல்லியம் என்று பெயரிலேயே வைத்துக்கொண்ட வாத்தியத்துக்கு இது கொஞ்சம் சங்கடமான குறை. 1957இல் வந்த மறுவடிவமைப்பில் தந்திக்கு ஒன்றாக நான்கு சேடில்கள் வந்தன. இரைச்சலைத் தானே அடக்கிக்கொள்ளும் இரட்டைத் துண்டு பிக்கப்பும் அப்போதுதான் வந்தது. பிரிசிஷன் பேஸ் என்றதும் காதில் கேட்கும் ஒலி அதனுடையது. கடைசி வேலை பிக்கப்பின் உயரம்: காந்தம் தந்திக்கு மிக அருகில் வந்தால் தந்தியைத் தன்பக்கம் இழுத்துச் சுருதியைக் கலைக்கும்.

வாங்கியவர்கள் செய்த முதல் மாற்றம் எதையும் சேர்ப்பதல்ல, கழற்றுவது. பிக்கப்பின் மேலும் பிரிட்ஜின் மேலும் பளபளக்கும் உலோக மூடிகளோடுதான் ஃபெண்டர் பேஸ்கள் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன. பிரிட்ஜ் மூடியின் உள்ளே தந்தியின் நீண்ட கார்வையை அடக்கும் பஞ்சுத் துண்டும் இருந்தது. டபுள் பேஸ் போல ஒலி சட்டென்று அடங்க வேண்டும் என்பது அந்தக்கால எதிர்பார்ப்பு. கட்டைவிரலால் மீட்டுவார்கள் என்று எண்ணி, மற்ற விரல்களால் பிடித்துக்கொள்ள மெல்லிய தந்தியின் பக்கம் ஒரு கட்டையும் வைத்திருந்தார்கள். வாசித்தவர்கள் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு மற்ற விரல்களால் மீட்டினார்கள். மூடிகள் திருகு கழன்று இழுப்பறைக்குப் போயின. அந்தக் கட்டையைத் தொழிற்சாலை தடித்த தந்தியின் பக்கம் மாற்றி வைக்க 1970களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

மூடியைக் கழற்றாதவர்களும் இருந்தார்கள். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துக்காக எண்ணற்ற பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் 1962 பிரிசிஷனில் தட்டையான மேற்பரப்புள்ள லா பெல்லா தந்திகளை மாட்டினார், அறுந்தாலொழிய மாற்றவில்லை. பஞ்சு அதன் இடத்திலேயே இருந்தது. தந்திகள் சாதாரண விரல்கள் அழுத்தத் தயங்கும் அளவுக்கு உயரத்தில் நின்றன. இன்றைய பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வந்தால் முதலில் சரிசெய்யப்படுபவை எல்லாம் அந்த வாத்தியத்தின் குணங்களாக இருந்தன. செட்அப்புக்குச் சொல்லப்படும் அளவுகள் தொடங்கும் இடம் மட்டுமே என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

இங்கிலாந்தில் கதை வேறு பக்கம் திரும்பியது. த ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் 1965இல் ஒரு பாடலுக்காகத் தனி பேஸ் பகுதியை டேன்எலக்ட்ரோ பேஸில் வாசிக்க முயன்றார். அதன் மெல்லிய தந்திகள் அறுந்தன. தந்தி மட்டும் தனியாகக் கடையில் கிடைக்காததால், தந்திக்காகவே புது டேன்எலக்ட்ரோவை மறுபடி மறுபடி வாங்க நேர்ந்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். அடுத்த ஆண்டு ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஹவ்வோடு சேர்ந்து, வட்டக் கம்பி சுற்றிய பேஸ் தந்தியைத் தனக்கு வேண்டியபடி உருவாக்கினார். பியானோபோல் கணீரென்ற ஒலி, கார்வையும் நீண்டது. என்ட்விசில் உடைந்த ஐந்து பிரிசிஷன்களின் மிச்சத்தைச் சேர்த்து 1967இல் ஒரு பேஸ் கட்டி அதற்கு ஃபிராங்கென்ஸ்டைன் என்று பெயரும் வைத்தார். லியோ ஃபெண்டரின் திருகுகள் இல்லாமல் இது நடந்திருக்காது.

புதுத் தந்தி ஒலியை மட்டும் மாற்றவில்லை. சுற்றுக் கம்பியின் மேடுபள்ளங்கள் அரம்போல ஃபிரெட்டை அராவின. தட்டைத் தந்தியோடு பல ஆண்டுகள் தாங்கிய ஃபிரெட்டுகளில் குழி விழத் தொடங்கியது. எல்லா ஃபிரெட்டுகளையும் ஒரே மட்டத்துக்கு அராவி, ஒவ்வொன்றின் உச்சியையும் மறுபடி உருட்டுவதும், அதற்கும் மிஞ்சினால் பழைய ஃபிரெட்டைப் பிடுங்கிப் புதிது அடிப்பதும் கடைகளுக்கு வழக்கமான வேலைகளாயின. நியூயார்க்கில் டான் ஆம்ஸ்ட்ராங் நடத்திய பழுதுக்கடை 1960களில் இப்படிப்பட்ட ஒரு மையம். பின்னாளில் கையால் பேஸ் செய்து புகழ்பெற்ற கார்ல் தாம்சன் அங்கே வேலை செய்தவர். ஓஹையோவின் ஏதென்ஸ் ஊரில் 1968இல் தொடங்கிய ஸ்டூவர்ட்-மெக்டோனல்டு நிறுவனம் இந்தத் தொழிலுக்கென்றே அரங்களையும் அளவுகோல்களையும் தபாலில் விற்று வளர்ந்தது. ஹிடியோ காமிமோட்டோவின் கிட்டார் பழுதுபார்ப்பு நூல் 1975இல் வந்தது. அதுவரை ஆசானின் பட்டறையில் மட்டும் கிடைத்த அறிவு அச்சிலும் கிடைத்தது.

ஃபிரெட்டைச் சீர்செய்வதற்குப் பதில் ஒரேயடியாகப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேருவதற்கு முன்பே, 1961இல், பில் வைமன் மலிவான டல்லாஸ் டக்சீடோ பேஸ் ஒன்றின் உடலை அறுத்துச் சிறிதாக்கி, தேய்ந்த ஃபிரெட்டுகளை எடுத்தார். புதிது அடிப்பதாகத்தான் எண்ணம். வாசித்துப் பார்த்தபின் அப்படியே விட்டுவிட்டார். ஆம்பெக் நிறுவனம் ஃபிரெட் இல்லாத பேஸைத் தொழிற்சாலையில் தயாரித்தது 1966இல்தான். ஆனால் இந்த வகையை உலகின் காதுக்குக் கொண்டுபோனவர் ஃபுளோரிடாவின் ஜாக்கோ பாஸ்டோரியஸ். அவருடைய 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ஃபிரெட்டுகள் போன இடத்துக் கீற்றுகளில் மரப்பொடிக் கலவை அடைத்திருந்தது. மேலே படகுகளுக்குப் பூசும் இப்போக்ஸி பல பூச்சு. ஃபிரெட்டை எடுத்தது யார், எப்படி என்பதற்கு அவர் சொன்ன கதைகளே ஒன்றோடொன்று பொருந்தாது. இப்போக்ஸிக்கான காரணம் மட்டும் தெளிவு: ஃபிரெட் இல்லாத ரோஸ்வுட் பலகையை வட்டச் சுற்றுத் தந்தி சீக்கிரமே உழுதுவிடும். கண்ணாடிபோல் கெட்டியான பூச்சு மரத்தைக் காத்ததோடு ஒலிக்கு ஒரு பாடும் தன்மையையும் கொடுத்தது. 1976இல் அவருடைய முதல் தனித் தொகுப்பு வெளிவந்தபின் பல ஊர்களிலும் இளைஞர்கள் இடுக்கியோடு தங்கள் பேஸின் மேல் பாய்ந்தார்கள். பலருடைய பலகை பிய்ந்ததுதான் மிச்சம். சூடான சாலிடரிங் இரும்பை ஃபிரெட்டின் மேல் வைத்துப் பசையை இளக்கி, மெல்ல எடுக்க வேண்டும் என்பது பழகியவர்களுக்குத் தெரிந்த வழி.

மின்சாரப் பக்கத்தில் பெரிய மாற்றம் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தொடங்கியது. கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஒலியமைப்பைச் சுற்றி 1969இல் உருவான அலெம்பிக் நிறுவனத்தில், ஆம்பெக்ஸ் ஒலிப்பதிவுக் கருவி நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர் ரான் விக்கர்ஷாமும் மரவேலைக்காரர் ரிக் டர்னரும் இருந்தார்கள். அவர்கள் முதலில் புது பேஸ் செய்யவில்லை. பேஸ் வாசிப்பவர்களான ஃபில் லெஷ், ஜாக் காசடி இருவரிடமும் இருந்த கில்டு ஸ்டார்ஃபயர் பேஸ்களைக் குடைந்து புது மின்சுற்றுகளை வைத்தார்கள். சிக்கல் இதுதான்: சாதாரண பிக்கப்பில் ஆயிரக்கணக்கான கம்பிச் சுற்றுகள் இருப்பதால் அதன் மின்மறுப்பு அதிகம். நீளமான கேபிளின் மின்தேக்கத்தோடு அது சேரும்போது உச்ச அதிர்வெண்கள் வழியிலேயே தொலைந்துவிடும். சுற்றுகளைக் குறைத்து, குறைந்துபோன சமிக்ஞையைக் கிட்டாருக்குள்ளேயே பேட்டரியில் இயங்கும் சிறு ஆம்ப்ளிஃபயரால் உயர்த்தினால் கேபிளின் நீளம் பொருட்டில்லை. இந்தச் சிந்தனையைச் சாதாரண விலைக்கு இறக்கியது 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே. அதை வடிவமைத்தவர்களில் லியோ ஃபெண்டரும் ஒருவர். தன் பெயர் தாங்கிய நிறுவனத்தை அவர் 1965 ஜனவரியில் 1.3 கோடி டாலருக்கு சிபிஎஸ் குழுமத்திடம் விற்றுவிட்டிருந்தார்.

விற்பனைக்குப் பின் ஃபெண்டர் பேஸ்களின் தரம் ஏறி இறங்கியது. 1970களின் நடுவில் சில மாடல்களில் நான்கு திருகுகளுக்குப் பதில் மூன்று வந்தன, கழுத்துக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்த வாத்தியங்களும் வெளியேறின, மரம் கனத்தது. தொழிற்சாலை அலட்சியமாக விட்ட இடத்தில் உதிரிப்பாக வணிகம் தழைத்தது. லாரி டிமார்ஜியோ 1972இல் மாற்று பிக்கப் விற்கத் தொடங்கினார். செமூர் டங்கன், பிற்பாடு இஎம்ஜி என்று பெயர்பெற்ற நிறுவனம், ஷெக்டர் உதிரிப்பாகக் கடை மூன்றும் 1976இல் கலிபோர்னியாவில் தோன்றியவை. ஃபெண்டரின் மெல்லிய வளைந்த தகட்டு பிரிட்ஜுக்குப் பதிலாகக் கனத்த பேடாஸ் பிரிட்ஜை மாட்டுவது அந்தப் பத்தாண்டின் மோகம். பிரிசிஷனின் உடலில் இன்னொரு குழி தோண்டி ஜாஸ் பேஸ் பிக்கப்பைக் கூடுதலாக வைப்பதும் அப்படியே. கனத்த பிரிட்ஜால் கார்வை நீள்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தந்தி சேடிலில் வழுக்காமல் உட்காரும் என்பதில் மட்டும் விவாதமில்லை.

இந்த மாற்றங்களை ஒரு கைக்குள் சேர்த்து ஒழுங்குபடுத்தியவர் ரோஜர் சடோவ்ஸ்கி. 1979இல் நியூயார்க்கில் பட்டறை திறந்த அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் நாள் முழுக்க வாசிப்பவர்கள். அவர்களுக்கு வேண்டியது அலங்காரமல்ல. விளக்குகளின் இரைச்சல் உள்ளே நுழையாத, எந்தச் சுரமும் அமுங்கிப்போகாத வாத்தியம். அவர் ஃபிரெட்டுகளை மட்டப்படுத்தினார். மின்சுற்றுக் குழிகளுக்கு உலோகக் கவசம் கொடுத்தார். தாழ்வையும் உச்சத்தையும் கூட்டித்தரும் சிறு ஆம்ப்ளிஃபயரை உள்ளே வைத்தார். மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸ் இப்படி மாறிய ஒன்று. கட்டைவிரலால் அடித்தும் சுண்டியும் வாசிக்கும் அவருடைய ஒலியைத் தேடிய தலைமுறைக்கு அது அளவுகோலானது. பிறகு சடோவ்ஸ்கி சொந்தமாகவே பேஸ்கள் தயாரிக்கத் தொடங்கினார்.

தாழ்ந்த பி தந்தியும் வாசிப்பவர்கள் கேட்டு வந்ததுதான். ஆண்டனி ஜாக்சன் 1975இல் கார்ல் தாம்சனிடம் ஆறு தந்தி பேஸ் செய்யச் சொன்னார். ஜிம்மி ஜான்சன் அலெம்பிக்கின் ஐந்து தந்தி பேஸில் தாழ்ந்த பி தந்தியைப் பூட்டினார். நொடிக்கு 31 அதிர்வுக்கும் குறைவான அந்தத் தந்தி 34 அங்குல நீளத்தில் தொளதொளத்தது. சிலர் 35, 36 அங்குலக் கழுத்துக்குப் போனார்கள். கையில் இருக்கும் நான்கு தந்திப் பேஸையே ஒரு தந்தி அளவு இறக்கி, பி-யில் தொடங்கிச் சுருதி சேர்ப்பது மலிவான வழி. அதற்குக் கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டின் கீற்றுகளைத் தடித்த தந்திக்கு ஏற்ப அராவி, டிரஸ் ராடையும் சேடிலையும் புதிதாகச் சரிக்கட்ட வேண்டும். இ தந்தியை ஒரு நெம்புகோலைத் தட்டி டி-க்கு இறக்கும் ஹிப்ஷாட் முறுக்காணி இன்னும் எளிது: பழைய முறுக்காணியைக் கழற்றிய இடத்திலேயே பூட்டலாம்.

1980கள் முதல் காற்று திசைமாறியது. சிபிஎஸ் காலத்துக்கு முந்திய பேஸ்களைச் சேகரிப்பவர்கள் பெருகினார்கள், விலை ஏறியது. பத்தாண்டுக்கு முன் மேம்பாடு என்று செய்த வேலைகள் சேதம் என்று கணக்கிடப்பட்டன. மறுவண்ணம் பூசிய பழைய ஃபெண்டர் தன் மூல நிறத்தில் இருப்பதைவிட மிகக் குறைந்த விலைக்கே போகும். கூடுதல் பிக்கப்புக்காகத் தோண்டிய குழியை எந்தக் கைவேலையாலும் முழுக்க மறைக்க முடியாது. வால்யூம் திருகியின் உலோக ஓட்டில் குத்தியிருக்கும் எண்கூட ஆவணமாயிற்று. 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் தயாரிப்பு, 304 என்றால் ஸ்டாக்போல். தொடரும் இலக்கங்கள் ஆண்டையும் வாரத்தையும் சொல்லும். கரகரக்கும் திருகியை மாற்றுவது முன்பு சில நிமிட வேலை. இப்போது பழையதை முதலில் சுத்தம்செய்து பார்க்கிறார்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் கழற்றியதைப் பையில் போட்டு உரிமையாளரிடம் கொடுக்கிறார்கள்.

ஃபெண்டர் நிறுவனம் 1982இல் தன் 1957, 1962 மாடல்களை மறுபதிப்பாக வெளியிட்டது. 1990களின் நடுவில் அதன் சிறப்புப் பட்டறை, புது வாத்தியத்தைத் தேய்த்துக் கீறிப் பழையதுபோல் ஆக்கி அதிக விலைக்கு விற்கத் தொடங்கியது. வாசிப்பவர்கள் தாங்களே செய்துகொண்ட மாற்றங்களும் தொழிற்சாலைக்குத் திரும்பின. கெட்டி லீ தன் 1972 ஜாஸ் பேஸில் மாட்டிய பேடாஸ் பிரிட்ஜ், அவர் பெயரில் ஃபெண்டர் விற்ற மாடலில் இருந்தது. ஜாக்கோ பெயரிலான மாடலுக்கு இப்போக்ஸி பூச்சே அடையாளம். பிரிசிஷன் பிக்கப்போடு ஜாஸ் பிக்கப்பைச் சேர்க்கும் ஏற்பாட்டையும் பல நிறுவனங்கள் தொடக்கத்திலேயே வைத்து விற்றன. ஜாக்கோவின் அசல் பேஸ் 1986இல் பல துண்டுகளாக உடைந்து, ஒட்டப்பட்டு, அதே ஆண்டில் திருடுபோனது. இருபது ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க்கில் மறுபடி வெளிப்பட்டபோது, துண்டுகள் சேர்ந்த தடங்கள்தான் அது அசல் என்று காட்ட உதவின.

புதிய பேஸ்கள் பலவற்றில் டிரஸ் ராடைத் திருகக் கழுத்தைக் கழற்ற வேண்டியதில்லை. கழுத்தின் அடியில் தெரியும் சிறு சக்கரத்தில் கம்பியை நுழைத்துத் தள்ளினால் போதும். ஃபிரெட்டுகளை மட்டப்படுத்த பெர்லினில் உருவான பிளெக் இயந்திரம், தந்தி இழுவிசையோடு இருக்கும் கழுத்தையே அளந்து, எந்த ஃபிரெட்டில் எவ்வளவு அராவ வேண்டும் என்று கணக்கிட்டுத் தானே அராவுகிறது. பிக்கப்புகளும் உள் ஆம்ப்ளிஃபயர்களும் சாலிடர் இல்லாமல் செருகும் இணைப்புகளோடு வருகின்றன. மரத்தில் புதுத் துளை போடாமல் பழைய குழிக்குள் அடங்குவதுபோல் செய்கிறார்கள். சேகரிப்புச் சந்தை கற்றுக்கொடுத்த எச்சரிக்கை சாதாரண விலைப் பேஸ்களுக்கும் வந்துவிட்டது: மாட்டும் எதையும் நாளை கழற்ற முடிய வேண்டும் என்பதே இப்போது பட்டறைகளின் முதல் நிபந்தனை.